நாரத்தைத் தோல் தண்ணீரும் நான் சொல்லத் தவறிய ஒரு சொல்லும்

உங்கள் சான்றிதழில் பார்மசிஸ்ட் என்று அச்சடித்துத் தருகிறார்கள். பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கம்பீரமெல்லாம் கிடையாது. கம்பவுண்டர் என்பார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் "தண்ணி கலக்குதவன்" என்பார்கள். முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் கலந்தவன்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, கைநிறைய வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டி, "இப்போது இதுதான் நன்றாகப் போகிறது, உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். நாரத்தை, எலுமிச்சைத் தோல்களின் சத்து என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதன் கீழே, சகல காய்ச்சலுக்கும் கைகண்டது என்று இருந்தது. நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவர் காப்பியைக் குடிக்காமலே கிளம்பிப் போனார். வாழைப்பழத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். என் மனைவி இரண்டு நாள் அதைக் காட்டியே என்னை ஏசினாள். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏன் கத்தினேன் என்று சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் அது முழுசாகாது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாரத்தைத் தோலை நான் குறைத்துப் பேசுகிறவன் இல்லை. அதன் குணத்தை என் அளவுக்குக் கையாண்டு பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில் அப்போது ஒரு சின்ன தரும வைத்தியசாலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் மரக்கடை இருக்கிறது. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு தோட்டி, அவ்வளவுதான் நாங்கள். மலையடிவாரம் ஆகையால், நீங்கள் மலேரியா என்கிற குளிர்காய்ச்சல் வருஷம் முழுக்க உண்டு. அதற்கு மருந்து கொயினா, உங்கள் பாஷையில் குயினைன். கொயினாவின் கசப்பு உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் மாத்திரைக் காலத்து ஆட்கள். நாங்கள் அதைக் கரைத்துத் தண்ணீராகக் கொடுத்தோம். பிள்ளைகள் எங்கள் சட்டை மேலேயே துப்பும். பெரியவர்கள் வெளியே போய் வேலி ஓரமாகத் துப்புவார்கள். அந்தக் கசப்பை மூடுவதற்கு ஆரஞ்சுத் தோல் பாகு சீமையிலிருந்து பெரிய பாட்டில்களில் வரும். யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது, பாகும் நின்றது.

அப்போதுதான் நான் நாரத்தையைப் பிடித்தேன். மேல்தோலை மட்டும் மெலிசாகச் சீவி ஊறவைத்தால் வாசனை தூக்கும். உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையோடு சேர்த்துப் போட்டால் கசப்பு ஏறும். வாசனைக்கு ஒன்று, பசியைத் தூண்ட ஒன்று என்று இரண்டு விதமாகச் செய்தேன். கொயினா குடித்ததும் ஓங்கரித்து வெளியே தள்ளுகிற பிள்ளைக்கு, முதலில் நாரத்தைத் தோல் தண்ணீரைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, வயிறு அமர்ந்த பிறகு கொயினாவைக் கொடுத்தால் உள்ளே நிற்கும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வீடுகளில் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள் என்று பிறகுதான் புத்தி வந்தது. டாக்டர் என்னைப் பாராட்டினார். ஊரில் எனக்கு 'நாரத்தைக் கம்பவுண்டர்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை.

நாரத்தைக் காயை எங்களுக்குக் கொண்டுவந்தவள் மாடத்தி. ஐந்தருவிக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் குடிசை போட்டுக் காவல் இருந்தாள். புருஷன் பட்டாளத்துக்குப் போயிருந்தான். ஒரே மகள், குருவம்மாள், எட்டு வயது. வாரத்துக்கு ஒரு நாள் தாயும் மகளும் காய்ப்பெட்டியோடு நடந்து வருவார்கள். காயை முகர்ந்து பார்த்தே எந்த மரத்துக் காய் என்று சொல்லிவிடுவாள் மாடத்தி. "இது கிணத்தடி மரம் அண்ணாச்சி, தோல் கனம். இது மேட்டு மரம், மணம் சாஸ்தி" என்று தனித்தனியாகப் பிரித்து வைப்பாள்.

கொயினாவுக்கான மரப்பட்டை விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு கொயினா வருவது சுருங்கியது. முதலில் பாதியானது, பிறகு கால்வாசி. அந்த வருஷம் சாரல் தொடங்கும் நேரம், எங்கள் ஜாடியில் இருந்த கொயினா மூன்று பேருக்குத்தான் காணும் என்கிற நிலை வந்தது. டாக்டர் தானே திருநெல்வேலிக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்து வாங்கிவருவதாகக் கிளம்பினார். நாலு நாள் ஆகும் என்றார். ரயிலுக்குப் போகுமுன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வே, இருக்கிற கொயினாவ நெனவு தப்புனவங்க, வலிப்பு கண்டவங்க, கைப்பிள்ளக்காரிக, இவியளுக்கு மட்டும் குடும். யாருக்குன்னு நீரே பாத்து முடிவு பண்ணும், நான் வந்து ஏன்னு கேக்க மாட்டேன். தீந்து போச்சுன்னா இல்லைன்னு சொல்லிரும். வேற எங்கயாச்சும் கெடைக்குதான்னு பாத்துக்கிடுங்கன்னு மொகத்தப் பாத்துச் சொல்லும். என்ன?"

"சரி ஐயா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

முதல் நாள் நினைவு தப்பிய ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாள் வலிப்பு கண்ட ஒரு பையனுக்கு. மற்றவர்களிடம் இல்லை என்றேன். இல்லை என்று சொல்வது எப்படிப்பட்ட வேலை என்று அந்த இரண்டு நாளில் தெரிந்தது. ஒருவர் கும்பிட்டார். ஒரு பெண் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். திருவேங்கடத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்து காய்ச்சலில் விழுந்த ஒரு ஆள், "உன் வீட்டுப் பிள்ளைக்குன்னா வச்சிருப்பலே, எங்களுக்கு இல்லையா?" என்று கையிலிருந்த காலி பாட்டிலை என் காலடியில் போட்டு உடைத்தான். அந்தக் கண்ணாடித் துண்டுகளை நான்தான் பெருக்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. உள்ளே கைக்குழந்தைக்காரி ஒருத்தி, உடம்பு கொதிக்க, யாரையோ கூப்பிட்டுப் பிதற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை பாலுக்கு வீறிட்டது. யோசிக்க ஒன்றும் இல்லை. ஜாடியில் இருந்ததையெல்லாம் வழித்து அவளுக்குக் கலந்து கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கூட வந்திருந்த அவள் அண்ணனிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வண்டி போய் ஒரு மணி நேரம் இருக்கும். மாடத்தி வந்தாள். தலையில் காய்ப்பெட்டி, கையில் மகள்.

"நேத்து ராத்திரியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுது அண்ணாச்சி. விடிஞ்சதும் சொகமாயிட்டா. நாளைக்குத் திரும்ப வருமோன்னு பயமா வருது. கொயினாத் தண்ணி குடுங்க" என்றாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். அன்றைக்குக் காய்ச்சல் இல்லாத நாள். குருவம்மாள் தன் காலாலேயே நடந்து வந்திருந்தாள். மேஜை மேல் இருந்த பாட்டில் தக்கைகளைச் சின்னது பெரிது என்று வரிசையாக அடுக்கத் தொடங்கிவிட்டாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய் கொண்டுவருகிறவளுக்கே இல்லையென்றால், வேறு யாருக்காக ஒளித்து வைத்திருக்கிறான் என்று சத்தம் போடுவார்கள் என்று பட்டது. அதைவிடப் பெரிது, மாடத்தி முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கோழைத்தனம் சில சமயம் இரக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அவசரத்தில் ஆள் அடையாளம் தெரியாது.

டாக்டர் நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவார். பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறது. அதுவரை எதையாவது கொடுத்து அனுப்புவோம், வந்ததும் உண்மையான மருந்தைக் கொடுத்துவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டு, அவள் கொண்டுவந்த பாட்டிலை வாங்கி, பசிக்கு வைத்திருந்த நாரத்தைத் தோல் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளைச் சதையோடு ஊறவைத்தது, நல்ல கசப்பு. நாலு நாளைக்கு அளவு வைத்தேன். அந்தக் காலத்தில் வேளைக்கு இவ்வளவு என்று தெரிய, ஒரு காகிதத்தின் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. அதையும் ஒட்டினேன். அந்தக் காகிதம் ஒட்டிவிட்டால் பச்சைத் தண்ணீருக்குக்கூட மருந்தின் களை வந்துவிடும்.

முதல் வேளையை அங்கேயே கொடுத்தோம். "ஏட்டி, கண்ண மூடிக்கிட்டு ஒரே மூச்சுல குடிச்சிரணும்" என்றாள் மாடத்தி. குருவம்மாள் குடித்தாள். முகம் கோணியது, ஆனால் ஒரு சொட்டு துப்பவில்லை. துப்பவில்லை பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தாள். நான் ஒரு பனங்கற்கண்டு கொடுத்தேன்.

மாடத்தி பாட்டிலின் வாயை மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இது நம்ம நாரத்தல்லா? கிணத்தடி மரத்துக் காய் மாதிரில்லா இருக்கு."

இரண்டாவது வாய்ப்பு அது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் யாரும் எனக்குத் திறந்துவிட முடியாது.

"எப்பவும் போடுததுதானே. கொயினா வாடை தெரியாம இருக்கதுக்கு" என்றேன்.

"ரொம்பல்லா கசக்கு."

"கொயினா கசக்காம இனிக்குமா?"

அவள் சிரித்தாள். "நீங்க சொன்னா சரி. எனக்கு என்ன தெரியும்" என்று பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நாலாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. மாடத்தியும் வரவில்லை. அவள் வராததை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் திரும்பியிருந்தால் ஓடி வந்திருப்பாளே என்று நினைத்தேன். திரும்பத்தான் செய்தது. ஆனால் கையில் கசப்பு மருந்து இருக்கிறது, காகிதத்தில் பல் இருக்கிறது, கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் தானாக இறங்குகிற காய்ச்சல், மருந்தால் இறங்குகிறது என்று நம்பிவிட்டாள். அதே தண்ணீர் இனிப்பாக இருந்திருந்தால் மறுநாளே வந்து சண்டை போட்டிருப்பாள். அந்தக் கசப்புதான் அவளைக் கட்டிப்போட்டது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தேன்.

ஆறாம் நாள் மதியம் டாக்டர் வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, தோட்டத்து ஆள் ஒருவன் குருவம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பின்னால் மாடத்தி. பிள்ளைக்குக் கண் செருகியிருந்தது. பல் கிட்டியிருந்தது. டாக்டர் சட்டையைக் கழற்றக்கூட இல்லை, ஊசியைத் தயார் பண்ணச் சொன்னார். இரண்டு ஊசி போட்டார். அந்தி விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அவர் பிள்ளையின் மணிக்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

மாடத்தி அழவில்லை. முந்தானையிலிருந்து பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். அடியில் ஒரு சொட்டுகூட இல்லை.

"ஒரு வேளையும் விடல்ல அண்ணாச்சி. பல்லுப் பல்லாப் பாத்துத்தான் குடுத்தேன். நான் சரியாத்தானே குடுத்தேன்?"

"சரியாத்தான் குடுத்த தாயி" என்றேன்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் பாட்டிலை மோந்து பார்த்தார். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இல்லைன்னு சொல்லத்தானே வே சொன்னேன்."

"நீங்க நாலு நாள்ல வந்திருவியன்னு நெனச்சேன் ஐயா."

"திருநெல்வேலில ஒரு பொட்டு கெடைக்கல்ல. மூணு நாள் ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு, கடைசியில செங்கோட்டைக்குப் போயில்லா வாங்கிட்டு வாரேன். அங்கன திருவிதாங்கூர்க்காரங்க ஆசுபத்திரியில கொயினா இருந்திருக்கு. வாரமெல்லாம் இருந்திருக்கு."

செங்கோட்டை வேறு ராஜ்யம். அங்கே சரக்கு வேறு வழியில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் மாடத்தி என்ன செய்திருப்பாள்? மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரி எது என்று கேட்டுப் போயிருப்பாள். ஐந்தருவியிலிருந்து செங்கோட்டை, அவள் நடைக்கு ஒரு காலைப்பொழுது. அவள் காலைக் கட்டியது என் பாட்டில். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

பிள்ளைகளே, இதில் பாடம் என்ன என்று நான் நீட்டி முழக்கப் போவதில்லை. நாரத்தைத் தோல் குமட்டலை அடக்கும், பசியைக் கிளப்பும், வயிற்றுக் காற்றைப் பிரிக்கும், கசப்பு மருந்துக்கு வாசனை தரும். கேட்கிறவர்களிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள். இதற்கு மேல் ஒரு எழுத்து சேர்த்துச் சொல்லாதீர்கள். மருந்து இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். பாட்டிலை உடைப்பார்கள், உடைக்கட்டும். இல்லை என்று கேட்ட மனிதன் வேறு கதவைத் தட்டுவான். பொய்ப் பாட்டிலோடு போனவன் வீட்டில் உட்கார்ந்துவிடுவான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிற பழக்கத்தால்தான் இந்தக் கதையே வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மாடத்தியைத் தேடிப் போனேன். நல்ல சாரல். ஐந்தருவியில் குளிக்க வந்த கூட்டத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனேன். அவள் நாரத்தை மரத்தடியில் உதிர்ந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பாட்டிலில் கொயினா இல்லை, வெறும் தோல் தண்ணீர்தான் என்று. செங்கோட்டையில் மருந்து இருந்தது என்பதையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவள் கையிலிருந்த காயைப் பெட்டியில் போட்டாள். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்.

"அன்னைக்கே என் நாக்குச் சொல்லிச்சு. நான்தான் நாக்க நம்பாம உங்கள நம்புனேன்."

எனக்குப் பூமிக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. அவள் திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்:

"கடேசியா இருந்த கொயினாவ யாருக்குக் குடுத்திய?"

"பாவூர்சத்திரத்துப் பக்கம் ஒரு கைப்பிள்ளக்காரிக்கு."

"அவ பொழச்சாளா?"

எனக்குத் தெரியவில்லை. வண்டி போனதோடு அவளை மறந்துவிட்டேன். "தெரியல்ல" என்றேன்.

மாடத்தி என்னைப் பார்த்த பார்வையில் அதுவரை இல்லாத கோபம் இருந்தது. "போயிக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

மறுநாளே பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். சந்தையில் வில்வண்டிக்காரனைப் பிடித்து விசாரித்து, அங்கிருந்து இரண்டு மைல் நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவள் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுக்க உட்கார்ந்ததும் திரும்பினேன். வந்த வழியே நேராக ஐந்தருவிக்குப் போய்ச் சொன்னேன்.

"பொழச்சிட்டா. நல்லா இருக்கா."

"பிள்ளைக்குப் பால் குடுக்காளா?"

"குடுக்கா."

அப்போதுதான் மாடத்தி அழுதாள். மகள் இறந்த அன்றுகூட அழாதவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நான் கிட்டப் போனேன். கையை நீட்டி வேண்டாம் என்று தடுத்தாள். நான் திரும்பி நடந்தேன்.

அதன் பிறகு எங்கள் வைத்தியசாலைக்கு அவள் வரவே இல்லை. மறு வருஷம் அவளுக்கே காய்ச்சல் கண்டபோது, எங்கள் வைத்தியசாலைக்கு வந்த மாட்டுவண்டியில் ஏறச் சொன்னார்களாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே செங்கோட்டைக்கு நடந்தாளாம். அங்கே மருந்து வாங்கிக் குடித்துப் பிழைத்துக்கொண்டாள். அவள் செய்ததுதான் சரி.